திருவொற்றியூர் ஞாயிறு நடை: பிட் குடும்பத்தின் பொக்கனாக் மாளிகை

திருவொற்றியூர் தேரடியிலிருந்து ஞாயிறு காலையில் ஒரு வரலாற்று நடை நடத்துகிறார்கள், ஆளுக்கு 200 ரூபாய். இந்தத் தடவை எடுத்துக்கொண்டது இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் இருக்கும் பொக்கனாக் மாளிகை. அதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள்தான் முதலில் போக வேண்டும், ஏனென்றால் அதை வாங்கிய பணம் சென்னையில் முளைத்த பணம்.

தாமஸ் பிட் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் தனி வியாபாரம் செய்து அதோடு மல்லுக்கு நின்றவர். அவரையே கம்பெனி 1698இல் இங்கே கவர்னராக்கியது, 1709 வரை இருந்தார். ஆந்திராப் பக்கம் இருந்த கொல்லூர் சுரங்கத்து வைரம் ஒன்றை ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் பேரம் பேசி 48,000 வராகனுக்கு வாங்கி, 1717இல் பிரான்சை ஆண்ட ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். அதே வருஷம் பொக்கனாக் எஸ்டேட் அவர் கைக்கு வந்தது. இந்த இடத்தில் நடத்துகிற தம்பி 82 கிராம் எடையுள்ள ஒரு கூழாங்கல்லை எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தீட்டாத வைரம் 410 காரட், பத்து சவரனுக்குக் கொஞ்சம் கூட! தீட்டிய பிறகு மிஞ்சியது 140 காரட், மூன்றரை சவரன். இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு மனசில் நின்றது கோயில் குளத்துப் பக்கம் சொன்ன விஷயம். 1708இல் பிட் காலத்தில்தான் திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு, நுங்கம்பாக்கம் என்று ஐந்து கிராமங்கள் கம்பெனிக்குப் போயின.

"யாருப்பா எழுதிக் கொடுத்தது?" என்றார் கூட வந்த ஒரு அம்மா.

"நவாப் தாவூத் கான்மா."

"ஊர்க்காரங்களைக் கேட்டாங்களா?"

"கேட்கலைம்மா."

இதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்க வேண்டும்.

குடும்பக் கதையின் பின்பாதியைத்தான் அவசரமாக ஓட்டிவிட்டார்கள். பேரன் வில்லியம் பிட்டும் அவர் மகனும் பிரிட்டன் பிரதமர்கள் ஆனது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பிட்டுக்கு முன் அந்த எஸ்டேட்டை வைத்திருந்த மோகன் பிரபு 1712இல் ஒண்டிக்கு ஒண்டிச் சண்டையில் செத்தார், பிட் வம்சத்து கேமல்ஃபோர்டு பிரபுவும் 1804இல் அதே மாதிரி செத்தார். அப்புறம் சொத்து அவர் அக்கா ஆன் வழியாக அக்கா கணவர் கிரென்வில் கைக்குப் போனது. 1807இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தபோது அவர்தான் பிரதமர். 1864 முதல் ஃபோர்டெஸ்க்யூ குடும்பம். இவ்வளவு சரக்கை அஞ்சு நிமிஷத்தில் முடிக்கலாமா?

குறை இன்னும் ரெண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது பேச்சு காதில் விழவே இல்லை, ஒரு சின்ன மைக் போதும். மாளிகைப் படங்களை லேமினேட் செய்து கொண்டுவந்தது நல்லது, ஆனால் ஒரே செட், பின்னால் நின்றவர்கள் கைக்கு வருவதற்குள் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டோம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொண்டு போங்கள். பிள்ளைகளையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம், கல்லைக் கையில் வாங்கியதும் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். அடுத்த நடை வியாசர்பாடியில் என்று சொன்னார்கள், அதற்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.