விலக்கப்பட்ட என் மகன் போகிற பி.ஆர்.யு.: எட்டு மாத அனுபவம்

கிழக்கு லண்டனில் இருக்கிறோம், மகனுக்கு 13 வயது. போன ஒக்டோபரில் அவனுடைய பள்ளிக்கூடம் அவனை நிரந்தரமாக விலக்கிவிட்டது, நவம்பரில் இருந்து உள்ளூர்க் கவுன்சில் ஒழுங்குபடுத்திய பி.ஆர்.யு.வுக்கு (Pupil Referral Unit) போகிறான். விலக்கப்பட்ட பிள்ளைகளும் சாதாரண வகுப்பில் இருக்க முடியாத பிள்ளைகளும் படிக்கிற சின்ன நிலையம் அது. பெயரைப் போடவில்லை, மொத்தமே ஐம்பது பிள்ளைகள்தான், என் மகன் யாரென்று உடனே தெரிந்துவிடும். ஆனால் இதைப் பற்றித் தமிழில் தேடியபோது எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே அபிப்பிராயம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு அக்கா சொன்னது: "அது கத்தி கொண்டு திரியிற பெடியள் போற இடம், அங்கை விட்டுடாதை." அந்த ஒரு வசனத்தால் மூன்று இரவு நித்திரை இல்லை.

நடந்தது இதுதான். தீ எச்சரிக்கை மணி ஒத்திகை, நடைபாதை முழுக்கப் பிள்ளைகள், இவன் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். எழும்பி வரிசையில் நில் என்று இழுத்திருக்கிறார்கள், இவன் கதிரையைத் தூக்கி எறிந்திருக்கிறான், உதவி ஆசிரியை ஒருவரின் கையில் பட்டு வீங்கிவிட்டது. அவருக்குக் காயம் பட்டது உண்மை, அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் ஓட்டிசம் பரிசோதனைக்கு இவன் ஒன்றரை வருடமாக வரிசையில் நிற்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு முதல் எத்தனையோ மத்தியானம் போன் பண்ணி "இன்றைக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போங்கள், ஆறட்டும்" என்பார்கள், நானும் வேலையில் கெஞ்சி லீவு எடுத்துப் போய்க் கூட்டி வருவேன். பதிவு செய்யாமல் அப்படி வீட்டுக்கு அனுப்புவது சட்டவிரோதம் என்று பிறகுதான் அறிந்தேன்.

நிரந்தரமாக விலக்கினால் ஆறாவது பள்ளி நாளில் இருந்து கவுன்சில் முழுநேரக் கல்வி கொடுத்தே ஆக வேண்டும். எங்களுக்குப் பதினோராவது நாள்தான் அழைப்பு வந்தது.

சரி, அந்த நிலையத்துக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அவர்கள் பிள்ளையைச் சேர்த்த விதம்தான். சேர்க்கைக்குப் பொறுப்பான ரீச்சரின் மேசையில் பழைய பள்ளிக்கூடம் அனுப்பிய கோப்பு கிடந்தது, நல்ல தடிப்பு. அதை அவர் திறக்கவே இல்லை. மகனுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் வைத்துவிட்டு, "பள்ளிக்கூடத்தில் உனக்கு எந்தச் சத்தம் கஷ்டம்?" என்று கேட்டார். இவன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி என்னைப் பொறுக்கச் சொன்னார். பத்து நிமிஷமாவது இருக்கும், ஒருவரும் கதைக்கவில்லை, அப்புறம் இவன் தாளை இழுத்து ஒரே ஒரு வரி எழுதினான்: கழிப்பறையில் கை காயவைக்கிற மெஷின்.

இரண்டு வருடமாக இவன் பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்கே போகவில்லை என்பது பெற்ற எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாலு மணிக்கு வீட்டுக்கு ஓடி வருவதும், தண்ணீர்ப் போத்தல் அப்படியே நிரம்பித் திரும்பி வருவதும், பின்னேரம் ஆக ஆக இவனுக்குக் கோபம் கூடுவதும் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அடுத்த திங்கள் முதல் நாள் போனபோது இவனுடைய வகுப்புக்குப் பக்கத்துக் கழிப்பறையில் அந்த மெஷினை நிறுத்திவிட்டு, கடதாசித் துவாய்ப் பெட்டி ஒன்று பூட்டியிருந்தார்கள். பெரிய செலவே இல்லை.

வகுப்பில் ஏழு பிள்ளைகள், ஒரு ரீச்சர், ஒரு உதவியாளர். காலையில் வாசலில் போனை வாங்கி வைத்து, உடம்பைச் சோதிக்கிற கருவியால் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள், முதல் நாள் அதைப் பார்க்க எனக்கு வயிறு பிசைந்தது. பிறகு டோஸ்டும் தேத்தண்ணியும், ஆசிரியர்களும் அதே மேசையில் இருந்து சாப்பிடுகிறார்கள். மூன்றாவது வாரம் பேச்சு மொழி நிபுணர் வந்து பார்த்தார். சரளமாகக் கதைக்கிற பிள்ளைதான், ஆனால் "புத்தகத்தை எடு, 42ஆம் பக்கம் போ, முதல் மூன்று கணக்கைச் செய்" என்று ஒரே மூச்சில் சொன்னால் முதலாவது மட்டும்தான் இவனிடம் தங்குகிறது என்றார். பழைய பள்ளிக்கூடத்து அறிக்கைகள் எல்லாவற்றிலும் இதைத்தான் "சொல்வழி கேளாதவன்" என்று எழுதியிருந்தார்கள்.

மற்றப் பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அந்த அக்கா பயமுறுத்திய மாதிரி இல்லை. ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு உள்ளவன், வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பவள், எழுத்துக்கூட்டி வாசிக்கவே முடியாமல் ஒன்பதாம் வகுப்பு வரை வந்தவன். 2019இல் முன்னாள் சிறுவர் அமைச்சர் எட்வர்ட் டிம்ப்சன் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில், இங்கிலாந்தில் நிரந்தர விலக்கல்களில் 78 சதவீதம் விசேட கல்வித் தேவை உள்ளவர்கள், சமூக சேவையின் உதவி தேவைப்படுபவர்கள், இலவச மதிய உணவு பெறத் தகுதியுள்ளவர்கள் ஆகிய பிள்ளைகள் மீதுதான் விழுந்தன என்று இருக்கிறது. அந்த மேசையைப் பார்த்தால் நம்பலாம்.

குறை இல்லாமல் இல்லை. முதல் இரண்டு வாரம் அரைநாள்தான் எடுத்தார்கள், பழக்குவதற்கு என்று சொன்னாலும் வேலைக்குப் போகிற தாய்க்கு அது பெரிய இடி. பதினாறு வயதில் எடுக்கிற ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சைக்குப் பாடங்கள் குறைவு: ஆங்கிலம், கணிதம், ஒரு விஞ்ஞானம், சித்திரம், சமையல். என் மகனுக்கு வரலாறு என்றால் உயிர், அங்கே வரலாறே இல்லை. பெப்ரவரியில் இரண்டு பெரிய பெடியள் அடிபட்டு ஒரு கிழமை முழுக்க இடமே கொதித்தது, இவன் மூன்று நாள் போக மறுத்தான். கவுன்சில் அனுப்புகிற ரக்ஸியில் சாரதி அடிக்கடி மாறுகிறார், புது முகம் என்றால் இவன் ஏறமாட்டான், எட்டு மாதமாகச் சொல்கிறேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், குறைத்த ஒன்று வரலாற்றுக்காக.

இதே நிலையில் இருக்கிற பெற்றோருக்கு ஒன்று இரண்டு. "நாங்களே வீட்டில் படிப்பிக்கிறோம்" என்று கையெழுத்து வைக்கச் சொன்னால் வைக்காதீர்கள், வைத்தால் பள்ளிக்கூடத்தின் பொறுப்பும் போய்விடும், கவுன்சிலும் இடம் தேடித் தராது. பள்ளி நிர்வாகக் குழு 15 பள்ளி நாட்களுக்குள் கூடி விலக்கலைப் பார்க்க வேண்டும், அவர்களும் சரி என்று சொன்னால் சுயாதீன மீளாய்வுக் குழுவுக்குப் போகலாம், அங்கே விசேட கல்வி நிபுணர் ஒருவரைக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு, காசும் இல்லை. உங்கள் பிள்ளைக்கு அப்படித் தேவை இருக்கிறது என்று பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கேட்கலாம். நான் இது தெரியாமல் விண்ணப்பிக்கிற கடைசி நாளைத் தவறவிட்டேன். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் செண்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது, விலக்கல் கடிதம் வந்த அன்றே அவர்களுக்குப் போன் பண்ணுங்கள்.

முக்கியமாக இ.எச்.சி. பிளான், அதாவது பிள்ளைக்கு என்ன விசேட உதவி கொடுக்க வேண்டும் என்று கவுன்சில் எழுதித் தருகிற சட்டபூர்வமான திட்டம். பள்ளிக்கூடம் கேட்கட்டும் என்று காத்திருந்தேன், அது பிழை, பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதலாம். நவம்பரில் இந்த நிலையத்து ரீச்சர் பக்கத்தில் இருந்து எழுதுவித்தார். 20 கிழமைக்குள், அதாவது ஏப்ரலில் முடிந்திருக்க வேண்டியது, வரைவே போன வாரம்தான் கைக்கு வந்தது. கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் தர வேண்டும், இப்போது ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். "பொருத்தமான ஆதரவு" என்று எழுதியிருக்கிற இடமெல்லாம் வட்டம் போட்டு, எத்தனை மணித்தியாலம், யார் என்று கேட்டு எழுதுகிறேன். கை காயவைக்கிற மெஷினையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பிளானில் பள்ளிக்கூடத்தின் பெயர் வர வேண்டிய ஐ (I) பிரிவு இன்னும் வெறுமையாக இருக்கிறது. வருகிற செவ்வாய் ஓட்டிசம் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உள்ள ஒரு சாதாரண பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போகிறோம், அங்கே வரலாறு இருக்கிறதாம். மகனும் வருகிறான்.