செட்டிநாட்டு வீட்டு விடுதி: அறை அருமை, அடுப்படியைத்தான் காணோம்

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில், விடுதியாக மாற்றப்பட்ட ஒரு நகரத்தார் வீட்டில் மகள் குடும்பத்துடன் தங்கினேன். அறை சுத்தம், குளியலறை புதிது, வெந்நீருக்குக் குறைவில்லை. காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் கொடுத்தார்கள். பணியாரம் ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக இலைக்கு வந்தது. சமையல்கார அம்மாவுக்கு முழு மதிப்பெண்.

என் மனக்குறை வேறு. வீட்டைச் சுற்றிக்காட்டிய இளைஞர், "இங்கே எண்பது பேர் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள்" என்று எல்லோரிடமும் சொன்னார். நகரத்தார் குடும்பம் அப்படி நடக்கவில்லை. மகனுக்குத் திருமணமாகிச் சில காலத்தில் ‘வேறு வைத்தல்’ என்று உண்டு. வீடு ஒன்றுதான், வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறை, ஆனால் அடுப்பு தனி. ஆண்டுக்கு இவ்வளவு நெல், பருப்பு, விறகு என்று பெரியவர்கள் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்துவது மருமகளின் பொறுப்பு. கணவன் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போயிருந்தால் வரவு செலவும் அவள் கையில்தான். விசேஷங்களுக்கு மட்டுமே பொது அடுப்பு எரியும்.

என் அப்பத்தா தன் அடுப்புக்கு மேல் சுவரில் கரிக்கோடு போட்டு விறகுக் கணக்கு வைத்திருந்தார். மாமியாரின் அடுப்பு நாலடி தள்ளி இருந்தது. குழம்புக் கிண்ணம் இங்கிருந்து அங்கே போகும், அரிசி போகாது. சென்னையில் என் மகள் தனிக்குடித்தனம் இருப்பதை உறவினர்கள் குறை சொல்லும்போதெல்லாம் அந்த இரண்டு அடுப்புகளைத்தான் எடுத்துச் சொல்வேன்.

விடுதிக்காரர்கள் அடுப்புகள் இருந்த வீட்டுப் பகுதியையே இடித்து மசாஜ் அறைகள் கட்டியிருக்கிறார்கள். தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் அவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கிறவர்கள், ஒரு வரிசை அடுப்பையாவது விட்டுவைத்திருக்க வேண்டும். வந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிந்துகொள்ள வேறு எதைப் பார்ப்பார்கள்?

நிர்வாகியிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற பங்காளிகள் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக் குத்தகைக்கு எடுத்த வீடாம். ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுவதில்லை. பங்காளிகள் கூடி முன்னோர்களுக்குப் படைப்புப் போட அது பூட்டியே இருக்கிறது. அந்த மரியாதைக்காகவே இன்னொரு முறை போவேன். சுற்றிக்காட்டும் பேச்சைத் திருத்துவதாகவும் சொல்லியிருக்கிறார். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போகிறவர்கள் மாடி அறையை விட்டு, வளவை ஒட்டிய கீழ் அறையைக் கேளுங்கள். சிறியதுதான். ஒரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு தம்பதிக்கு, அந்த வீட்டில் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.