அரிக்கமேடு படகுச் சவாரி: கரையைத் தண்ணீரிலிருந்து பாருங்கள்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேர் "இடிந்த சுவரைத் தவிர ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். காக்காயந்தோப்பு வழியாகச் சாலையில் போனால் அப்படித்தான் தெரியும், ஏனென்றால் அந்தச் சுவரே 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது, ரோமாபுரியோடு வணிகம் செய்த 2,000 வருஷத்துப் பழைய ஊர் மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றில் மீனவர்கள் ஓட்டும் படகில் போங்கள், அப்போது தெரியும்.

அலையாத்திக் காட்டைத் தாண்டிப் படகு திரும்பியதும் அறுபட்ட கரை வருகிறது. மேலே தென்னை வேர் தொங்க, அதற்குக் கீழே சிப்பி, உடைந்த செங்கல், சிவப்பும் கறுப்புமாகப் பானை ஓடுகள். 1945இல் வீலர், பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று தொல்லியல் ஆய்வாளர்கள் வந்து தோண்டிய அதே மேட்டை ஆறு எந்தக் குறிப்பும் எழுதாமல் தோண்டிக்கொண்டிருக்கிறது. பார்க்க வயிறு எரிகிறது.

எங்களுக்குப் படகு ஓட்டிய வீராம்பட்டினத்து அண்ணனுக்குத்தான் முழு மதிப்பெண். போன மழைக்கு முன்னால் கரை எதுவரை இருந்தது, 2011இல் வந்த 'தானே' புயலில் எந்த மரம் சாய்ந்தது எல்லாம் அவருக்கு மனப்பாடம். கூட வந்த பையன் ஒரு பாசிமணியைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டதும், "தம்பி, அத எடுத்த எடத்துலயே வச்சிடு, அது நம்ம ஊரு சொத்து" என்றார். பையனும் வைத்துவிட்டான். தொல்லியல் துறை இவரைப் போன்றவர்களிடம் ஒரு கேமராவைக் கொடுத்து, மாதாமாதம் ஒரே இடத்தில் நின்று கரையைப் படம் எடுக்கச் சொன்னால் போதும், எவ்வளவு மண் போகிறது என்று கணக்கு கிடைத்துவிடும். தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள் அவர்கள்தானே.

குறையும் இருக்கிறது. எதிரே வந்த வேறொரு படகு இன்ஜின் வேகத்தைக் குறைக்காமல் கரையை ஒட்டித் திருப்பியது, அந்த அலை நேராகப் போய் வெட்டில் மோதி மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கட்டணம் வாங்கும் இடத்திலேயே இதற்கு ஒரு கட்டுப்பாடு வைக்க வேண்டும். இதே ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியதில் வடக்கே மணல் போய்ச் சேராமல் நகரத்துக் கடற்கரை கரைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம், அங்கே மணலையாவது மறுபடி கொண்டுவர முடிந்தது. இங்கே சரிந்த பழைய மண் அடுக்கை எதைக் கொட்டித் திருப்பி அடுக்குவது?

சரி, போகிறவர்களுக்கு: தண்ணீர் வற்றியிருக்கும் காலை நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், கரை நன்றாகத் தெரியும். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை இழுத்துப் பார்த்து வாங்குங்கள், எனக்குக் கொடுத்தது தளர்வாக இருந்தது. மணிகளையும் ஜாடிகளையும் பக்கத்தில் நின்று பார்க்க ஊருக்குள் புதுச்சேரி அருங்காட்சியகம் இருக்கிறது, படகை முடித்துவிட்டு அங்கே போங்கள்.