ஃபித்ரா: அரிசியாகவா, பணமாகவா?

ஃபித்ரா என்பது நோன்புப் பெருநாளையொட்டி ஏழைகளுக்குக் கொடுக்கும் கட்டாய தர்மம். ஷாஃபிஈ மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவில்) ஊரின் முக்கிய உணவையே ஃபித்ராவாகக் கொடுக்க வேண்டும், பணமாகக் கொடுத்தால் நிறைவேறாது. தலைக்கு ஒரு ஸாஉ. அது முகத்தல் அளவு என்பதால் எடை தானியத்துக்குத் தானியம் மாறும். அரிசி இரண்டரை முதல் 3 கிலோ கொடுத்தால் கவலையில்லை. கைக்குழந்தைக்கும் உண்டு. வீட்டில் பொன்னி சாப்பிட்டுவிட்டு ரேஷன் அரிசியை அளந்து கொடுப்பது அழகல்ல.

ஹனஃபீ மத்ஹபில் தானியத்தின் விலையைப் பணமாகத் தரலாம். கோதுமை என்றால் அரை ஸாஉ, பேரீச்சம்பழம் என்றால் முழு ஸாஉ. பள்ளிவாசல்களில் அறிவிக்கும் தொகை பெரும்பாலும் கோதுமைக் கணக்கு, அதாவது குறைந்தபட்சம். வசதியுள்ளவர் பேரீச்சம்பழ விலையில் கொடுக்கட்டும்.

ஃபித்ராவைப் பெறும் ஏழையின் பக்கம் பார்த்தால் பணமே உதவி. பல வீட்டு அரிசி ஒரே குடிசையில் குவிந்தால், அதைக் கடையில் பாதி விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும். பிள்ளைக்குச் சட்டை வாங்க அரிசி உதவாது. ஷாஃபிஈகளுக்கும் வழியுண்டு: பணத்தைப் பள்ளிவாசல் ஜமாஅத்திடம் கொடுத்து, அரிசி வாங்கி வழங்கப் பொறுப்பாக்கலாம்.

எதுவானாலும் பெருநாள் தொழுகைக்கு முன் ஏழையின் கையில் சேர வேண்டும். கடைசி இரவில் வசூலித்து, தொழுகை முடிந்தபின் பங்கிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.