காற்றையும் தண்ணீரையும் பார்த்துப் புறப்படுங்கள்: ஊவாவின் காய்ந்த பக்கத்தில் மூன்று வருட சைக்கிள் பயணம்

2022 ஜூலையில், பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி அளவாக வாங்கும் முறை வந்த அந்த மாதத்தில்தான் இந்தச் சைக்கிளை வாங்கினேன். 26 அங்குல மவுண்டன் பைக், ஏற்கெனவே பாவித்தது. அப்போது பண்டாரவளையில் பழைய சைக்கிளுக்கே புதியதன் விலை சொன்னார்கள். பேரம் பேசும் நிலைமையில் யாரும் இல்லை. வேலைக்குப் போக வாங்கியதுதான். ஆனால் மூன்றாவது மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிமடை வரை போய்விட்டேன். அன்றிலிருந்து மூன்று வருடம், மழைக்காலம் தவிர மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, இந்தப் பக்கத்து வீதிகளிலேயே சுற்றுகிறேன். புதிதாக வருகிறவர்கள் கிலோமீற்றரையும் ஏற்றத்தையும் மட்டும் கணக்குப் பார்த்து வந்து சிரமப்படுவதை அடிக்கடி காண்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலையகம் என்றதும் எல்லோருக்கும் பனிமூட்டமும் தூறலும்தான் ஞாபகம் வரும். அது ஹட்டன், நுவரெலியா பக்கம். பதுளை, பண்டாரவளை இருக்கும் எங்கள் ஊவா மாகாணம் வேறு. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்குகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை பட்டனாப் புல்வெளிகள் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். அடியில் இருக்கும் பாறையும் ஒரே மாதிரி இல்லை. பதுளை மாவட்டத்தில் கருங்கல்லுக்கு நடுநடுவே பளிங்காக உருமாறிய பழைய சுண்ணாம்புக்கல் ஓடுகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இது அடையாளமே தெரியாது. வீதிக்காக வெட்டிய சரிவில் சீனிக்கட்டி போல மினுங்கினால் நின்று பாருங்கள், அதுதான்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வீசும் அந்த வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருகிறது. வாசம் ஏறிய ஊவா சீசன் தேயிலை அந்த இரண்டு மூன்று மாதத்துக் கொழுந்தில்தான் கிடைக்கும். அதே காற்று அப்புத்தளைக் கணவாயில் சைக்கிளோடு ஆளையும் தள்ளும். ஒரு பக்கம் மலைக்குக் கீழிருந்து முகில் ஏறிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் வெயில் எரிக்கும், நடுவில் வீதி. முதல் வருடம் ஆகஸ்டில், மதியத்துக்குப் பிறகு பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது இரண்டு வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கால் வலிக்காக இறங்கவில்லை. பக்கவாட்டுக் காற்று வந்து பஸ்ஸின் முன் தள்ளிவிடுமோ என்ற பயம். காலை எட்டு மணிக்கு முன் அதே வீதி அமைதியாக இருக்கும்.

இதில் தெரிந்துகொண்டதைப் பெரிய சுற்றுக்குப் பொருத்திச் சொல்கிறேன். பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, தியலும, கொஸ்லந்தை, பெரகலை, அப்புத்தளை என்று ஏறி வீடு திரும்பினால் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். எல்ல கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேல், வெல்லவாய 200 மீற்றர் அளவில், அப்புத்தளை 1400 மீற்றருக்கு மேல். இறங்கியதற்கு மேலாகவே ஏற வேண்டியிருக்கும். பெப்ரவரி, மார்ச்சில் நான் சொன்ன திசையிலேயே போங்கள். விடியுமுன் கிளம்பினால் ஏழரைக்கு வெல்லவாயவில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிடலாம். வெயில் ஏறுமுன் கொஸ்லந்தை ஏற்றத்தில் பாதி முடிந்துவிடும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை அப்படியே திருப்பிப் போடுங்கள். அப்புத்தளையில் காலையிலேயே கணவாயைத் தாண்டிவிட்டால், வெல்லவாய வரை காற்று முதுகில் இருக்கும். எல்லவுக்கு ஏறும் பள்ளத்தாக்குக்குள் அவ்வளவு காற்று வராது. ஆனால் அங்கே இரண்டு பக்கப் பாறையும் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு அனல் கக்கும். அதனால் வெல்லவாயவில் மூன்றரை மணி வரை படுத்திருந்துவிட்டு ஏறுவதுதான் என் பழக்கம். இருட்டிவிடும், முன்னும் பின்னும் நல்ல லைட் வேண்டும்.

சின்ன வயதில் கதிர்காமத்துக்கு வேன் பிடித்துப் போனது இந்த வழியாகத்தான். அப்போது வளைவில் வாந்தி வராமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலுமவைச் சரியாகப் பார்த்தது சைக்கிளில் போன பிறகுதான். மார்ச்சில் அது ஒரு வெள்ளை நூல்.

கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பு லயங்களை மூடிய தேயிலைத் தோட்டம். அந்தப் பகுதியைக் கடக்கும்போது ஒவ்வொரு தடவையும் சைக்கிளை நிறுத்திச் சற்று நேரம் நிற்பேன். முதல் தடவை அப்படி நின்றபோது, விறகு சுமந்து வந்த ஒரு அம்மா, "யாரு வீட்டுப் புள்ள தம்பி நீங்க? இங்க ஒங்க ஆளுங்க யாரும் இருந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவாயில்ல, நின்னுட்டுப் போங்க," என்றார். இந்த வழியில் வருகிறவர்கள் தியலுமவுக்குப் படம் எடுக்க நிற்கும் நேரத்தில் கொஞ்சத்தை இங்கேயும் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்தது பெரிய சுற்று இல்லை, உமா ஓயா ஆற்றின் பள்ளத்தாக்கு வழி. பண்டாரவளையிலிருந்து வெளிமடை, எட்டம்பிட்டிய, ஹாலிஎல, தெமோதரை என்று ஒரு வட்டம். வெளிமடைக் கிண்ணத்துக்குள் இறங்கினால் நிறமே மாறிவிடும். மேட்டில் காய்ந்த மானாப்புல், கீழே படிப்படியாக வயல். பெரும்போகத்தில் நெல் விளைந்த அதே வயலில் சிறுபோகத்துக்கு உருளைக்கிழங்கு. போஞ்சியும் கோவாவும் ஏற்றிக்கொண்டு லொறிகள் வரும். காபட் வீதி நன்றாக இருப்பதால் வேகமாகவே வருவார்கள், ஓரத்திலேயே போங்கள். ஹாலிஎலப் பக்கம் பிரிந்து போனால் பொகொடவில் ஓர் ஓடையின் மேல் கூரை போட்ட பழைய மரப்பாலம் இருக்கிறது. இறக்கம் கடுமை, திரும்பி ஏறுவது அதைவிடக் கடுமை. ஆனாலும் அந்தப் பலகையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போடாமல் நான் திரும்பியதில்லை.

இதே பள்ளத்தாக்கில்தான் புகுல்பொல அணை. உமா ஓயாவின் தண்ணீரை சுரங்கம் வழியாகத் தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பும் திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சுரங்கம் தோண்டும்போது உள்ளே நீர் புகுந்து, 2014 இறுதியிலிருந்து பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. ஒரு சைக்கிள்காரருக்கு இது ஏன் முக்கியம் என்றால், பழைய ஆட்கள் சொல்லும் பீலியை, அதாவது வழியோரத்தில் ஊற்றுநீர் விழும் இடத்தை, நம்பி வெறும் போத்தலோடு போக முடியாது. மூங்கிலோ குழாயோ வைத்த பீலி இருக்கும், தண்ணீர் இருக்காது. காய்ந்த மாதங்களில் நான் மூன்று லீற்றர் சுமக்கிறேன். ஓடும் பீலி ஒன்றைக் கண்டால், போத்தல் பாதி நிறைந்திருந்தாலும் நின்று நிரப்புவேன்.

அப்புத்தளைக்கு மேலே இருக்கும் லிப்டன் சீட் காட்சிமுனை பற்றி எல்லோரும் கேட்பார்கள். தம்பேதன்னைத் தொழிற்சாலை வரை அழகு, அதற்கு மேல் ஓட்டோக்களின் ஊர்வலம். விடியற்காலையில் ஒரு தடவை போங்கள், போதும்.

இனி சைக்கிள். கியரை மாற்றாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். முன்னால் 22 பல், பின்னால் 34 பல் போட்ட பிறகுதான் சாமான் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே ஏற முடிந்தது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் சைக்கிளைத் தின்கிறது. எல்லவிலிருந்து இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வந்தேன். இராவணா நீர்வீழ்ச்சிக்குக் கிட்ட பின் டயரில் காற்றுப் போய்விட்டது. முள்ளும் இல்லை, ஆணியும் இல்லை. ரிம் சூடாகி, டியூபில் போட்டிருந்த பழைய ஒட்டு இளகிக் கழன்றிருந்தது. அதன் பிறகு நீண்ட இறக்கத்துக்கு ஒட்டுப் போட்ட டியூபைப் போடுவதில்லை. பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறேன், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆற விடுகிறேன். பிரேக் ரப்பர் நாலு மாதம் தாங்கும். தோட்ட வீதியின் மணல் ரப்பரில் ஏறி ரிம்மை அரைக்கும். 2024 தொடக்கத்தில் பின் ரிம்மின் ஓரத்தை விரலால் தடவினேன், உள்வாங்கிக் குழியாக இருந்தது. உடனே மாற்றினேன். மாதம் ஒருமுறை அப்படித் தடவிப் பாருங்கள். டிஸ்க் பிரேக் வாங்க வசதி உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

தோட்டத்துக்குள் போகும் கல் ரோட்டுகளை நான் மிகவும் விரும்புகிறேன், ஆனால் முதலில் ஆளைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பூனாகலைப் பக்கம் ஒரு தடவை கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்த அக்கா ஒருவர் கை காட்டி நிறுத்தினார். "தம்பி, மேல் மலையில குளவி கலைஞ்சிருக்கு, கீழ் ரோட்டால போங்க." நான் போனது அரை மணி கூடுதல் வழி. அன்று மாலை, அந்த மலையிலிருந்து ஆறு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகக் கடையில் சொன்னார்கள். கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கு, முன் டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டிருக்கும் மலை என்றால் பாதையெல்லாம் வெள்ளைத் தூசி, கைக்குட்டை கட்டிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டெம்பரில் பட்டனாவில் தீ பிடிக்கும். காற்று வரும் பக்கத்தில் புகை தெரிந்தால் அந்த வழியையே விட்டுவிடுங்கள், புல்லில் தீ ஓடும் வேகத்துக்குச் சைக்கிள் காணாது.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுவதும் பிற்பகல் இடி மழை, இரண்டு மணிக்குள் வீடு சேருங்கள். ஒக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை நான் நீண்ட பயணம் போவதில்லை. வடகீழ்ப் பருவமழை எங்கள் பக்கத்துக்குத்தான் வரும், மண்ணும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் போயே ஆக வேண்டுமென்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கிளம்புமுன் பாருங்கள். முதல் நிலையான மஞ்சள் என்றாலே நான் சைக்கிளைச் சுவரில் சாத்திவிடுவேன்.

இந்த ஆகஸ்டுக்கு நமுனுகுலை, பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கும் வழியை வைத்திருக்கிறேன். புது ரிம், ஒட்டில்லாத இரண்டு டியூப், மூன்று லீற்றர் தண்ணீர். அந்த வழியில் இப்போது எந்தப் பீலி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.