உப்புவெளி வீட்டில் அலுமினிய யன்னல்கள்

கறையான் அரித்த மர யன்னல்களைக் கழற்றிவிட்டு, திருகோணமலைக் கடற்கரையான உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு அலுமினியச் சட்டங்கள் போட்டுப் பல வாடைக்காலங்கள் கடந்துவிட்டன. கடல் பார்த்த முன்பக்கத்துக்குப் பவுடர் கோட்டிங், அதாவது பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் வர்ணப்பூச்சு. பின்பக்கத்துக்கு அனோடைசிங், அதாவது மின்சாரத்தால் அலுமினியத்தின் மேலேயே வளர்க்கும் ஒட்சைட்டுப் படலம். 'கறளே பிடிக்காது' என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. செங்கறள் வராது, வெள்ளைப் பொடி வரும்.

அது வந்த இடம்தான் வியப்பு. சாரல் நேரே அடிக்கும் மாடி யன்னல் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. விறாந்தைக் கூரைக்குள் ஒதுங்கிய யன்னல் கெட்டுவிட்டது. வாடைக்காற்று கொண்டுவரும் உப்பை மாடியில் மழை கழுவிவிடுகிறது. விறாந்தையிலோ அது படிந்து, ஈரத்தை இழுத்துக்கொண்டு அப்படியே கிடக்கிறது. இப்போது அந்த யன்னலை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுகிறோம். கச்சான் காற்று வீசும் மழையில்லாத மாதங்களில் மாடியையும் விடுவதில்லை.

சட்டத்தின் முகப்பு எங்கும் கெடவில்லை, மூலைகள்தான் கெட்டன. காரணம் செய்முறையில் இருக்கிறது. யன்னல் சட்டங்களுக்கு வழக்கமான 6063 கலப்புலோகத்தில் சிறிதளவு மக்னீசியமும் சிலிக்கனும் உண்டு. அதன் உருளைக் கட்டியை 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, இடியப்பம் பிழிவதுபோல எஃகு அச்சின் வழியே நீளமாகத் தள்ளியெடுக்கிறார்கள். பூச்சும் அந்த நீளத்துக்கே பூசப்படுகிறது. பிறகு பட்டறையில் அளவுக்கு அறுக்கும்போது, அறுத்த முகம் வெறுமையாகிவிடுகிறது. உப்பு அங்கே நுழைந்து, பவுடர் கோட்டிங்கின் அடியில் மெல்லிய இழைகளாக ஓடி அதை எழும்பவைக்கிறது. அனோடைசிங் உலோகத்திலிருந்தே வளர்ந்த படலம், ஆகவே அப்படி உரிவதில்லை.

பின்பக்கச் சட்டம் ஒன்றில் நெடுக மங்கலான கோடு தெரிகிறது. உட்குழிவான சட்டங்களில் உலோகம் அச்சுக்குள் பிரிந்து மீண்டும் ஒட்டும். அந்த ஒட்டுவரி அனோடைசிங்கில் சில வேளை வெளிப்படும். கண்ணுக்கு உறுத்தல், பாவனைக்கு ஒரு குறையுமில்லை.

நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புத் திருகாணிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவை கறள்பிடித்துத் தலை உதிர்ந்தன, சுற்றியிருந்த அலுமினியத்தையும் கெடுத்தன. றோலர்களும் இறுகிப்போய் மாற்ற வேண்டியதாயிற்று.

விறாந்தை யன்னலுக்கு மறுபடியும் அலுமினியம்தான் சொல்லியிருக்கிறேன்: 25 மைக்ரோன் தடிப்பான அனோடைசிங், மொலிப்டினம் கலந்த 316 வகைக் கறளேறா எஃகுத் திருகாணி, அறுத்த முனைகளுக்குப் பொருத்துமுன் உப்பு புகாமல் அடைக்கும் சீலர். விலை கூடத்தான் வருகிறது.