ரிப்பேர் முடிந்து வந்த ஆம்பில் எர்த் வெட்டியிருந்தது: டெல்டா கிட்டார்காரர்கள் கவனத்துக்கு

மயிலாடுதுறைப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்று திருவிழா சீசனுக்கு முன்னால் ஒரு வால்வு ஆம்பையும் (கண்ணாடிக் குழாய் வைத்த ஆம்ப்ளிஃபயர்) ஒரு ஓவர்டிரைவ் பெடலையும் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிபெட்டி) வெளியூர்க் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தது. பில் 9,500 ரூபாய். பெடலுக்கு ‘போர்டு மாற்றம்’ 3,500, ஆம்புக்கு ‘ஃபுல் சர்வீஸ், கெப்பாசிட்டர் மாற்றம்’ 4,200, புதுக் கேபிள் இரண்டு 1,800. மூன்று கச்சேரி ஆனதும் பெடல் மறுபடி செத்துப்போய், எல்லாம் சேர்ந்து எங்கள் பட்டறை மேசைக்கு வந்தது. திறந்து பார்த்ததை எழுதுகிறோம். இதே கடை என்றில்லை, இதே வேலையை வேறு இடங்களிலும் செய்கிறார்கள்.

முதலில் ஆம்ப், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. குழு சொன்ன குறை ‘மேடையில் ஊம்ம் என்று இரைகிறது’. கடை செய்த வைத்தியம்: மெயின்ஸ் ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் எர்த்தான பச்சை ஒயரைச் சேசிஸிலிருந்து (ஆம்பின் உலோகக் கூடு) வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் மடக்கிச் சொருகியிருந்தார்கள். இரைச்சல் நின்றது உண்மைதான். ஆம்ப் ஒரு வழியாகவும் மிக்ஸர் இன்னொரு வழியாகவும் எர்த்தைத் தொடும்போது, இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி அதில் ஓடும் கரண்ட்தான் அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஒரு பக்கம் வெட்டினால் வளையம் அறுந்துவிடும், சத்தமும் அடங்கிவிடும்.

ஆனால் கிட்டார் கம்பி பிரிட்ஜைத் (கம்பி உட்காரும் உலோகத் தகடு) தொடுகிறது, பிரிட்ஜ் ஜாக்கின் ஷீல்டைத் (நடு ஒயரைச் சுற்றிய உலோக உறை) தொடுகிறது, ஷீல்டு ஆம்பின் சேசிஸைத் தொடுகிறது. எர்த் இல்லாத சேசிஸில் என்றைக்காவது டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் விட்டாலோ, ஃபேஸ் ஒயர் உரசினாலோ, 230 வோல்ட் நேரே விரல் நுனிக்கு வரும். ஃபியூஸும் போகாது, ஏனென்றால் கரண்ட் போக எர்த் வழியே இல்லை. அப்போது வாசிப்பவர் எர்த்தில் இருக்கும் மைக்கில் உதடு வைத்தால் கரண்ட் உடம்பு வழியாகத்தான் போகும். தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கக் கோயில் திடல் மேடையில் வெறுங்காலோடு, மழை பெய்த பலகைமேல் நின்று வாசிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். இந்த நிலையில் இந்த ஆம்ப் மூன்று கச்சேரி வாசித்திருக்கிறது.

சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். ஒரு முனை பிளக்கின் பெரிய பின்னில், மறுமுனை ஆம்பின் பெயின்ட் இல்லாத உலோகத்தில், உதாரணமாக சேசிஸ் ஸ்க்ரூவில். மீட்டர் ஒயரின் சொந்த ஓமைக் கழித்தபிறகு 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் (மீட்டரில் ‘ஓஎல்’, அதாவது தொடர்பே இல்லை) அந்த ஆம்பை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள், ‘இன்னிக்கு மட்டும்’ என்றும் வேண்டாம். ரிப்பேரிலிருந்து எது வந்தாலும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்.

இரைச்சலுக்கு நேர்மையான வைத்தியம் வேறு. ஆம்பிலிருந்து மிக்ஸருக்குப் போகும் லைனில் டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) போட்டு அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் கிரவுண்டை மட்டும் பிரிக்கும், மெயின்ஸ் எர்த்தைத் தொடாது. ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். சீரியல் செட் ஓடும் லைனில் சொருகவே கூடாது. மைக்செட்காரரிடம் ஜெனரேட்டருக்கு எர்த் அடித்திருக்கிறதா என்று கேளுங்கள், மேடை போர்டில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனை அறுக்கும் சுவிட்ச்) வேண்டும் என்றும் சொல்லுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

‘கெப்பாசிட்டர் மாற்றம்’ என்று காசு வாங்கியதும் பொய். கம்பெனியில் கெப்பாசிட்டர்களைப் பிடித்துவைக்க ஊற்றிய பசை உடையாமல் அப்படியே இருந்தது. அதன்மேல் பல வருஷத் தூசி, விரல் பட்ட தடம்கூட இல்லை. இன்னொன்று, பின்பலகையில் 1 ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ் என்று அச்சடித்திருக்க, உள்ளே 5 ஆம்பியர் கிடந்தது. ஒரு வால்வு ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸ் போகாது, மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்தான் எரியும். ஃபியூஸை நீங்களே பிளக்கைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். ஆனால் வால்வு ஆம்பின் சேசிஸைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்தபிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளீடர் ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதிசெய்யத் தெரிந்தவர் திறக்கட்டும்.

அடுத்து பெடல். பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். பல கீபோர்டு அடாப்டர்கள் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். அவசரத்தில் மாற்றிச் சொருகினால், பவர் லைனுக்குக் குறுக்கே போட்டிருக்கும் காவல் டயோடு (ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் பாகம்) அந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆகிவிடும். பிறகு சரியான அடாப்டர் போட்டாலும் லைட் எரியாது. ‘போர்டு போச்சு’ என்று சொல்ல இதைவிட வசதியான குறை கிடையாது.

உண்மையில் போர்டு போகவில்லை. மீட்டரை பீப்பில் வைத்து, எதையும் சொருகாமல் டிசி ஜாக்கின் நடுப்பின்னையும் வெளித்தகட்டையும் தொடுங்கள். முனைகளை மாற்றித் தொட்டாலும் விடாமல் பீப் அடித்தால் முதல் சந்தேகம் டயோடுதான். டயோடின் ஒரு காலை மட்டும் பற்றவைப்பிலிருந்து தூக்கிப் பார்த்து ஷார்ட் போய்விட்டால் வேலை முடிந்தது. 1என்4001 முதல் 1என்4007 வரை எதுவும் ஆகும், இரண்டு மூன்று ரூபாய். வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். கூலியோடு சேர்த்தாலும் இது சில நூறு ரூபாய் வேலை.

அந்தக் கடை புதுப் போர்டு போடவில்லை, டயோடுகூடப் போடவில்லை. நிப்பரால் டயோடை வெட்டி எறிந்திருக்கிறார்கள். அதன் இரண்டு கால்களும் போர்டில் அரை நகக்கண் உயரத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றன. வெட்டியதும் ஷார்ட் போயிற்று, பெடலும் பாடியது. காவல் போன பெடலில் அடுத்த தடவை யாரோ கீபோர்டு அடாப்டரைச் சொருக, அடி நேராகப் பெடலின் ஒலியைப் பெருக்கும் 4558 ஐசியில் விழுந்தது. 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பெடலை முன்பிருந்ததைவிட மோசமாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

கேபிள். ‘ஃபுல் காப்பர்’ என்று விற்றது. நடு ஒயரைப் பிளேடால் சுரண்டினால் செம்பு மேலே பூச்சு மட்டும், உள்ளே வெளுத்த அலுமினியம். பற்றவைப்பு சரியாகப் பிடிக்காமல் பிளக்குக்குள் உருண்டை உருண்டையாக நின்றது. அதைவிட முக்கியம், நடு ஒயரின் உறைமேல் மெல்லிய கறுப்பு ரப்பர் போல ஒரு படலம் இருக்கும். பார்த்தால் பிளாஸ்டிக், ஆனால் கரி கலந்தது, கரண்ட் கடத்தும். அதை நுனியிலிருந்து ஐந்து மில்லிமீட்டராவது உரித்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். இவர்கள் உரிக்கவில்லை. படலம் டிப்பில் (பிளக்கின் நுனி) ஒட்டி, சிக்னல் ஷீல்டுக்குக் கசிந்து சத்தம் மங்கிப்போனது. கேபிளின் இரு முனையும் சும்மா இருக்கும்போது டிப்புக்கும் ஸ்லீவுக்கும் (பிளக்கின் வெளிக்குழல்) இடையே மீட்டர் ஓஎல் காட்ட வேண்டும். கிலோ ஓம் கணக்கில் ஏதாவது எண் வந்தால் திருப்பிக் கொடுங்கள். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்கும் போடச் சொன்னார்களாம், அது கூடவே கூடாது. அந்த மெல்லிய ஒயர் சூடாகி அறுந்தால் வால்வு ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சீரியல் நம்பரையும் குறையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பெடலின் பின்தகட்டைக் கழற்றி போர்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். மாற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். ‘போர்டு மாற்றினோம்’ என்பவர் பழைய போர்டைக் காட்ட முடியாவிட்டால் காசு கொடுக்காதீர்கள். நாகூர், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக்காற்றில் ஜாக் பச்சை பூத்துக் கரகரவென்று அடிப்பது உண்டு. அதற்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் போதும். அதற்குப் போய் ‘ஃபுல் சர்வீஸ்’ பில் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

பணம் திரும்பக் கேட்டால் கடைக்காரர் ‘வேலை செஞ்சுதானே எடுத்துட்டுப் போனீங்க’ என்கிறார். அந்தப் பதிலோடு விட வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகாரைப் பதிவு செய்யலாம். குழுவினர் ரசீதையும், வெட்டிய எர்த் ஒயர், டயோடு கால்கள் இரண்டின் படங்களையும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.